பெங்களூரில் வெள்ளம் கீழிருந்து வருகிறது: நாலு சைட் சேர்த்துக் கட்டும் வீட்டுக்கான கணக்கு

பெங்களூரில் மழை வெள்ளம் பெரும்பாலும் வாசல் வழியாக முதலில் நுழைவதில்லை. பாத்ரூம் தரையிலுள்ள சல்லடை ஓட்டை வழியாகக் கொப்பளித்து ஏறுகிறது. தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கும்போதே தரைத்தளக் கழிப்பறை நிரம்பி வழியத் தொடங்கிவிடும். 2015 சென்னை வெள்ளத்தை மனதில் வைத்துக்கொண்டு "தூண் மேல் கட்டிவிட்டால் போதும்" என்று இங்கே வீடு கட்டும் நம் ஆட்கள் தவறவிடுவது இதைத்தான். சென்னையில் ஆறு கரை தாண்டியது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் மேட்டில் இருக்கும் பெங்களூரில் அப்படிப் பெரிய ஆறு எதுவும் கிடையாது. இங்கே இருந்தவை ஏரிகளும், ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குத் தண்ணீரைக் கொண்டுபோன ராஜகாலுவேகளும். மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரியின் மேல் இருக்கிறது. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியின் மேல். கோரமங்களா எஸ்.டி. பெட் லேஅவுட் ஸ்ரீநிவாகிலு ஏரிப் படுகையின் மேல். ஏரியை வரைபடத்திலிருந்து அழித்துவிடலாம், மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும் தண்ணீரின் வழியை அழிக்க முடியாது.

2022 செப்டம்பர் 5 காலை முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் பதிவானது 131.6 மி.மீ. மழை. டிராக்டரிலும் படகிலும் ஆட்களை வெளியேற்றினார்கள். ராஜகாலுவே குறுகி, அதற்குள் சாக்கடையும் கலந்து ஓடும்போது, யு.ஜி.டி. என்கிற நிலத்தடிச் சாக்கடைக் குழாய்க்குள் மழைநீர் புகுந்து மேன்ஹோல்கள் நிரம்பி, அந்த அழுத்தம் வீட்டுக் குழாய் வழியாகப் பின்னோக்கி வருகிறது. வீட்டு மொட்டைமாடித் தண்ணீரை யு.ஜி.டி. சேம்பரில் இணைத்திருப்பவர்கள் இந்தச் சிக்கலைத் தங்கள் கையாலேயே பெரிதாக்குகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு இணைப்பு இருந்தால் முதல் வேலை அதைப் பிரிப்பதுதான்.

30க்கு 40 அடி சைட்டில் ஒருவர் மட்டும் மண் கொட்டி மூன்றடி உயர்த்திக் கட்டினால், அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவரும் உயர்த்துவார். கடைசியில் தெருவே கால்வாயாகி, உயர்த்த வசதியில்லாத தரைத்தள வாடகைக்காரர்தான் முழுதும் நனைவார். ஈஜிபுரா, விவேக் நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்து நெருக்கமான தெருக்களில் இப்படித் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஆகவே நான் பரிந்துரைப்பது வேறு அமைப்பு. அண்ணன் தம்பிகளோ நண்பர்களோ நாலு பேர் அடுத்தடுத்த சைட்டுகளை ஒன்றாக்கிக் கட்டுவது. தரையைத் தண்ணீருக்கும் பொதுப் புழக்கத்துக்கும் விட்டுவிடுவது. முதல் மாடியில் தெருவுக்கும் பயன்படும் பொதுக்கூடம் ஒன்று வைப்பது.

முதலில் மட்டம்

நிலம் வாங்கும் முன் கர்நாடக அரசின் திஷாங்க் செயலியில் அந்த இடத்தின் சர்வே எண்ணைப் பாருங்கள். ஏரி, ராஜகாலுவே, கராப் நிலம் (சாகுபடிக்கு உதவாதது என்று ஒதுக்கிய நிலம்) எல்லாம் அதில் தெரியும். ஏரிக்கும் ராஜகாலுவேக்கும் எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற விதி பலமுறை மாறியிருக்கிறது. 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் என்றது, 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. விதி எவ்வளவு அனுமதித்தாலும், ராஜகாலுவேயின் விளிம்பில் கட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். அனுமதிக் கடிதத்தைப் பார்த்துத் தண்ணீர் ஒதுங்கிப் போகாது.

அடுத்து, தெருவில் பழைய வெள்ளக் குறியைத் தேடுங்கள். காம்பவுண்ட் சுவரில் பெயின்ட் உரிந்த கோடு, கேட்டில் துரு ஏறிய உயரம், மளிகைக் கடைக்காரரின் நினைவு, மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம். அந்தக் குறியை உங்கள் மனைக்குக் கொண்டுவர மேஸ்திரியின் ட்யூப் லெவல் போதும். 15 மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் குறியில் பிடித்து, மறு முனையில் தண்ணீர் அசையாமல் நிற்கும் உயரத்தைக் கோடிடுங்கள். குமிழி ஒன்று சிக்கினாலும் பல செ.மீ. பிசகும், அதனால் இரண்டு தடவை எடுங்கள். அதுதான் வெள்ளக் கோடு. அந்தக் கோட்டுக்கு மேல் 60 செ.மீ. வைத்து, அதற்குக் கீழே ஆள் தூங்கும் தரை எதுவும் வரக்கூடாது.

ரோட்டை மட்டமாக வைத்து பிளிந்த் (வீட்டுத் தரைமட்ட) உயரம் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு 3 முதல் 5 செ.மீ. ஏறுகிறது. மூன்று முறை போட்டால் ஒரு படி காணாமல் போய்விடும். பக்கத்து வடிகாலின் அடிமட்டத்தையோ பழைய கட்டடத்தின் கல் மட்டத்தையோ குறிப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

சாக்கடை

தரைத்தளத்தில் கழிப்பறையே வேண்டாம் என்பதுதான் சுலபமான வழி. ஆனால் வாட்ச்மேனுக்கும் பெரியவர்களுக்கும் ஒன்று தேவைப்படும். அதை வெள்ளக் கோட்டுக்கு மேல் வரும் மேடையில் வையுங்கள். முடியாவிட்டால் அந்தக் கழிப்பறைக் குழாயில் மட்டும் தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வரவிடாத மடல் வகை நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள்.

"அந்தக் குழாயில் மட்டும்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். பலர் வீட்டின் கடைசிச் சேம்பரில், தெருவுக்குப் போகும் ஒரே குழாயில் வால்வைப் போட்டுவிடுகிறார்கள். வெள்ளத்தின்போது வால்வு மூடிக்கொள்ளும். மேல்மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்தால் அந்தத் தண்ணீர் தெருவுக்குப் போக வழியில்லாமல் தரைத்தளக் கழிப்பறை வழியாக வெளியே வரும். தெருச் சாக்கடையைத் தடுத்துவிட்டுச் சொந்தச் சாக்கடையில் மூழ்குவார்கள். சரியான அமைப்பில் மேல்மாடிகளின் செங்குத்துக் குழாய் தனியாக இறங்கி, வால்வு இல்லாமல் தெரு மேன்ஹோலுக்குப் போகும். தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதே உயரம் வரைதான் அந்தக் குழாய்க்குள்ளும் நிற்கும். அதற்கு மேலிருந்து விழும் கழிவு தன் எடையிலேயே வெளியேறிவிடும். தரைத்தளக் கிளை தன் வால்வைத் தாண்டிய பிறகுதான் இந்தக் குழாயோடு சேர வேண்டும். வழியில் உள்ள சேம்பர் மூடிகள் வெள்ளக் கோட்டுக்குக் கீழே இருந்தால் ரப்பர் வைத்து போல்ட் போட்டு இறுக்கும் வகையாக இருக்கட்டும். சாதாரண மூடியைத் தண்ணீர் தூக்கி எறிந்துவிடும்.

வால்வு பழுதாவதற்குக் காரணம் பெரும்பாலும் முடி, துணி, கொழுப்பு. மடலுக்கு அடியில் ஒரு சானிடரி நாப்கின் சிக்கினாலே அது மூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து கழுவ வேண்டும், மே மாதக் கோடை மழைக்கு முன் கட்டாயம். கை நுழையாத இடத்தில் வால்வைப் புதைத்தால் யாரும் கழுவ மாட்டார்கள்.

சம்ப் மிதக்கும்

காவேரி தண்ணீருக்கும் டேங்கர் தண்ணீருக்கும் இங்கே எல்லா வீட்டிலும் தரைக்கடியில் சம்ப் உண்டு. வெள்ளத்தில் வீட்டுக்கு நேரும் பெரிய நஷ்டம் இங்கேதான். சாக்கடை கலந்த தண்ணீர் மூடி வழியாக இறங்கினால் குடிநீர் முழுதும் போய்விடும், மோட்டாரைப் போட்டால் மாடித் தொட்டியும் கெடும்.

சம்பின் கழுத்தை வெள்ளக் கோட்டுக்கு மேல் எழுப்புங்கள். பார்க்க அழகாக இராது, பரவாயில்லை. கேஸ்கெட் வைத்த மூடி, வளைந்த காற்றுக்குழாய் அதைவிட உயரத்தில், வழிந்தோடும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு. இவ்வளவும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு, ஒன்று விட்டாலும் வீண்.

வெள்ள எச்சரிக்கை வந்ததும் "அழுக்காகிவிடும்" என்று சம்பைக் காலி செய்வது ஆபத்து. உள்ளே 2×2×1.5 மீட்டர், எல்லாப் பக்கமும் 15 செ.மீ. கான்கிரீட் உள்ள ஒரு சம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி அளவு 2.3×2.3×1.8, அதாவது 9.5 கன மீட்டர். சுற்றியுள்ள மண் முழுதும் ஊறினால் கீழிருந்து தள்ளும் விசை 9.5 டன். கான்கிரீட்டின் எடை சுமார் 8.8 டன்தான். காலியாக இருந்தால் மண்ணின் பிடிப்பு ஒன்றுதான் அதைக் காப்பாற்றுகிறது. நிரம்பி இருந்தால் உள்ளே 6 டன் தண்ணீர், அசையாது. புதிதாகக் கட்டும்போது அடித்தள ஸ்லாபைச் சுற்றிலும் 30 செ.மீ. வெளியே நீட்டிவிடுங்கள். அந்த விளிம்பின் மேல் உட்காரும் மண், ஊறிய நிலையிலும் ஏறத்தாழ 4 டன் எடை சேர்க்கும். கூடுதல் செலவு அரை கன மீட்டர் கான்கிரீட்டும் கொஞ்சம் கம்பியும்தான்.

தரைத்தளமும் முற்றமும்

நாலு 30க்கு 40 சைட்டுகள் சேர்ந்தால் 60க்கு 80 அடி, 446 சதுர மீட்டர். நடுவில் 6×8 மீட்டர் முற்றம் விட்டு அதைச் சுற்றிக் கட்டினால், ஸ்டில்டுக்கு (வெறும் தூண்கள் நிற்கும் திறந்த தரைத்தளம்) மேல் மூன்று மாடிகளில் தலா 70 சதுர மீட்டர் அளவில் எட்டு வீடுகளும், ஒரு வீட்டளவுக்குப் பொதுக்கூடமும் கிடைக்கும். காத்தாக்களை (மாநகராட்சிச் சொத்துப் பதிவுகளை) முறைப்படி ஒன்றாக்காமல் இதற்கு பிளான் அனுமதி கிடைக்காது, அந்த வேலையை முதலில் முடியுங்கள்.

முற்றத்தைத் தரையைவிட 45 செ.மீ. தாழ்த்துங்கள். நாலு பக்கமும் 15 செ.மீ. உயரத்தில் 30 செ.மீ. அகலப் படிகள் வைத்தால் அதுவே உட்காரும் இடம். மாலையில் பிள்ளைகள் விளையாடவும், பொங்கலுக்கு அடுப்பு மூட்டவும், மழையில் தண்ணீர் நிற்கவும் ஒரே இடம். படிகளைக் கழித்தால் அதன் கொள்ளளவு 18,000 லிட்டர். மணிக்கு 60 மி.மீ. என்ற கடும் மழை ஒரு மணி நேரம் பெய்தால் இந்த மனைமீது விழுவது 26,800 லிட்டர். கூரைத் தண்ணீருக்கென 10,000 லிட்டர் தொட்டி தனியாக இருந்தால், முதல் ஒரு மணி நேரத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உங்கள் மனையிலிருந்து தெருவுக்குப் போகாது. மழைக்கு முன் அந்தத் தொட்டி காலியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். மழைத்தொட்டி காலி, குடிநீர் சம்ப் நிறைவு என்று இரண்டையும் எதிரெதிராக வைத்திருக்கப் பழக வேண்டும். காலியாக நிற்கும் மழைத்தொட்டிக்கு மேலே சொன்ன மிதப்புக் கணக்கை இன்னும் கறாராகப் பாருங்கள், முடிந்தால் அதைத் தரைக்கு மேலேயே வைத்துவிடுங்கள்.

வெளியிலிருந்து வரும் வெள்ளத்தை இந்த முற்றம் தாங்காது, அது பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும். அப்போது தேவை, வடிந்த பிறகு சீக்கிரம் காலியாவதுதான். முற்றத் தளத்துக்கு நூற்றுக்கு ஒன்று சாய்வு, மூலையில் 60 செ.மீ. குழி, அதில் வைக்க ஒரு 1 குதிரைத்திறன் சேற்று பம்ப். இரண்டு நாளைக்கு மேல் தண்ணீர் நிற்க விட்டால் கொசு உற்பத்திக்கு இடம் கொடுத்ததாகும்.

மூன்றடி விட்டம், இருபதடி ஆழத்தில் சிமென்ட் ரிங் இறக்கிய, மழைநீரை நிலத்தடிக்கு அனுப்பும் மறுஊட்டக் கிணறு 4,000 லிட்டர் பிடிக்கும். மண் வட்டர் சமூகத்தினர் இதைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி வருகிறார்கள், இடம் பார்த்துச் சொல்வதிலும் கெட்டிக்காரர்கள். வடிகட்டிய கூரைத் தண்ணீரை மட்டுமே அதில் விடுங்கள். முற்றத்துத் தண்ணீரை விட்டால் சாக்கடையை நிலத்தடிக்கு அனுப்புகிறீர்கள். பழைய ஏரிப் படுகையில் நிலத்தடி நீர் மேலேயே இருந்தால் கிணறே வேண்டாம், அது வாங்காது.

காம்பவுண்டை முழுச் சுவராகக் கட்டாதீர்கள். 3 மீட்டர் நீளச் சுவரின் ஒரு பக்கம் 60 செ.மீ. தண்ணீர் நின்றால் அதன்மேல் 540 கிலோ அழுத்தம், ஒரு மீட்டர் நின்றால் 1,500 கிலோ. நாலரை அங்குலச் சுவர் திடீரென்று சாயும், அந்தப் பக்கம் நிற்பவர் மேல் தண்ணீரும் கல்லும் சேர்ந்து விழும். அடியில் திறப்பு விட்டு, மேலே கிரில் போடுங்கள். தரைத்தள அறைகளிலும் இதே நியாயம்தான். வாசலில் அலுமினிய சானலில் பலகை செருகி 60 செ.மீ. வரை தடுக்கலாம். அதற்கு மேல் தடுக்க முயன்றால் சுவர் போகும், உள்ளே விட்டுவிடுவதே மேல். ஸ்டில்டில் அடைத்த ஸ்டோர் ரூம் இருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் 70 சதுர செ.மீ. திறப்பு, குறைந்தது இரண்டு சுவர்களில், தரையிலிருந்து 30 செ.மீ.க்குள் இருக்கட்டும்.

தரைத்தளத்தில் நனையக்கூடிய உயரம் வரை சாலிட் பிளாக், சிமென்ட் பூச்சு, கடப்பா கல் அலமாரி. ஜிப்சம் பூச்சும் எம்.டி.எஃப். பலகையும் ஒரே மழையில் உப்பிவிடும். தூண்களுக்கு எம்30 கான்கிரீட், கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 45 முதல் 50 மி.மீ., ஏனென்றால் சாக்கடைத் தண்ணீரில் நனைந்து காய்வது கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். மேலே சுவர்கள், கீழே வெறும் தூண்கள் என்ற அமைப்பு பக்கவாட்டு அசைவுக்குப் பலவீனமானது. படிக்கட்டைச் சுற்றி கான்கிரீட் சுவர் வைக்கச் சொல்லி எஞ்சினியரிடம் கேட்டு வாங்குங்கள். அஸ்திவாரம் கொட்டின மண்ணில் நிற்கக் கூடாது. கட்டட இடிபாடு கொட்டி மூடிய ஏரிப் படுகையில் கடைக்கால் பிறகு அமுங்கும். மனையில் இரண்டு மூன்று இடத்தில் குழி வெட்டி அசல் மண் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே வரைபடம் போடுங்கள்.

பேஸ்மென்ட் பார்க்கிங் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், சரிவின் தலைப்பில் 30–45 செ.மீ. மேடு எழுப்புங்கள். தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு வண்டியை எடுக்க யாரும் கீழே போகக்கூடாது, எவ்வளவு விலையுள்ள வண்டியானாலும்.

திண்ணையும் கூடமும்

தெருப் பக்கம் 90 செ.மீ. உயரத்தில் அகலமான திண்ணை ஒன்று வையுங்கள். மாவு அரைக்கும் கடையோ தையல் மெஷினோ போட விரும்புகிறவர்களுக்கும், மாடி ஏற முடியாத பெரியவர்கள் பகலில் உட்காரவும் அது வேண்டும். சக்கர நாற்காலிக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று சாய்வு என்றால் 10.8 மீட்டர் சரிவு, நடுவில் ஒரு திருப்பம். இடம் நிறையத்தான் எடுக்கும், ஆனாலும் குறைக்காதீர்கள். செங்குத்தான சரிவில் மழை நேரத்தில் ஆளைத் தள்ளிக்கொண்டு ஏற முடியாது.

கூடம் முதல் மாடியில். கழிப்பறை இரண்டும், சின்னச் சமையல் மேடையும் போக 52 சதுர மீட்டர் மிஞ்சும். நிவாரண முகாம்களுக்கான ஸ்ஃபியர் என்ற சர்வதேச நெறிப்படி ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர், ஆக ஏறத்தாழ 15 பேர், தரைத்தள வீடுகளில் இருக்கும் நாலு குடும்பங்கள். எட்டு வீட்டாருக்கு மாடியில் சொந்த அறைகள் இருக்கின்றன. கூடம் அவர்களுக்கல்ல, தெருவுக்கு. அதனால் அதன் படிக்கட்டு தெருவிலிருந்து நேரே ஏற வேண்டும், யார் வீட்டு வாசலையும் கடக்கக் கூடாது. அகலம் 1.2 மீட்டர், படி உயரம் 15 செ.மீ., வெள்ளக் கோட்டுக்குச் சற்று மேலே ஒரு அகலமான தளம், டிராக்டரிலிருந்தோ படகிலிருந்தோ காலை எடுத்து வைக்க.

தண்ணீர் ஒருவருக்கு நாளுக்கு 15 லிட்டர் என்றால் 225 லிட்டர். கூடத்துக்கென்று 1,000 லிட்டர் தொட்டி தனியாக வைத்தால் நாலு நாள் தாங்கும். வீட்டுத் தொட்டியோடு இணைத்துவிட்டால் முதல் நாளே காலியாகும். மின்சாரத்துக்கு 150 ஏ.எச். பேட்டரியோடு ஒரு யு.பி.எஸ். போதும். குறைந்த மின்சாரம் இழுக்கும் 28 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி நாலு, 9 வாட் விளக்கு ஆறு, போன் சார்ஜுக்கு 50 வாட், மொத்தம் 216 வாட், சுமார் 6 மணி நேரம் ஓடும். ராத்திரி விளக்கணைத்து விசிறியைப் பாதியாக்கினால் விடியும் வரை தாராளம்.

வருஷத்தில் 360 நாள் இந்தக் கூடத்துக்கு வேறு வேலை இருக்க வேண்டும். மாலை டியூஷன், ஞாயிறு தமிழ் வகுப்பு, வளைகாப்பு, சீட்டுக் கூட்டம், எது நடந்தாலும் நல்லது. புழங்காத கூடம் ஆறு மாதத்தில் பழைய சோபாவும் சைக்கிளும் அடைந்த குடோனாகிவிடும், வெள்ளத்தன்று சாவியைத் தேடுவார்கள். சாவி மூன்று பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் தெருக்காரர்.

மின்சாரம், கேஸ், வடிந்த பிறகு

மீட்டர் போர்டு, மோட்டார் ஸ்டார்ட்டர், பேட்டரி எல்லாம் வெள்ளக் கோட்டுக்கு மேல். தரைத்தளத்துக்குத் தனி சர்க்யூட், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒயர்கள் கூரையிலிருந்து கீழே இறங்க வேண்டும், தரையிலிருந்து மேலே ஏறக்கூடாது. லிஃப்ட் குழியில் ஒரு மிதவை ஸ்விட்ச் வைத்தால் தண்ணீர் வந்ததும் லிஃப்ட் மேல்மாடியில் போய் நின்றுகொள்ளும். கேஸ் சிலிண்டரை சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் நிரம்பி இருந்தாலும் மொத்த எடை 30 கிலோதான், அது ஒதுக்கும் தண்ணீர் 35 கிலோ. நிரம்பிய சிலிண்டரும் மிதக்கும், மிதந்தால் குழாய் பிடுங்கிக்கொள்ளும்.

தண்ணீர் வடிந்ததும் தரைத்தள சர்க்யூட்டை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடாதீர்கள். சம்ப்பில் வெள்ளம் புகுந்திருந்தால், சுற்றியுள்ள மண்ணில் ஈரம் இறங்கும் வரை அதை இறைக்காதீர்கள், மிதப்புக் கணக்கு அப்போதும் பொருந்தும். பிறகு காலி செய்து, சேறு வழித்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 10,000 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி ஒரு நாள் விடுங்கள். அந்தத் தண்ணீரை மாடித் தொட்டிக்கும் ஏற்றி எல்லாக் குழாயிலும் குளோரின் வாசனை வரும் வரை திறந்துவிட்டு, பிறகு முழுதும் வெளியேற்றுங்கள். பழைய பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும், திறந்த பாக்கெட்டை நம்ப வேண்டாம்.

எழுத்து வேலை ஒன்று பாக்கி. கூடம், முற்றம், திண்ணை, வெளிப்படிக்கட்டு நான்கையும் பத்திரத்தில் பொதுச்சொத்தாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம், 1972-இன் கீழ் பதிவு செய்யும் சாசனத்தில், முற்றத்தை மூடக்கூடாது, ஸ்டில்டைச் சுவர் வைத்து அடைக்கக்கூடாது, கூடத்தை வாடகைக்கு விட்டாலும் மழை எச்சரிக்கை வந்தால் உடனே காலி செய்ய வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளும் இருக்கட்டும். எட்டில் ஒருவர் வீட்டை விற்றுவிட்டுப் போன பிறகு, புதிதாக வருபவர் முதலில் கேட்பது ஸ்டில்டில் ஒரு கடை போடலாமா என்றுதான்.